மூச்சுச் சீட்டு

பேச்சிக்கனியின் மூச்சுவில்லை முப்பத்தொன்று என்று காட்டியது. வாரத்துக்கு நானூறு அலகுவரை நோய்த்துகள் ஒருவர் மூச்சில் போகலாம் என்பது சட்டம். முப்பத்தொன்று என்பது ஆளில்லாத கடற்கரையில் உட்கார்ந்து வேர்க்கடலை கொறிப்பவருக்கு வரக்கூடிய எண். பேச்சிக்கனியோ தொழிலாளர் மருத்துவமனையின் மூன்றாம் மாடியில், கழுத்து நரம்பில் குழாய் செருகிய நுரைத்துணைவி இயந்திரத்தின் தயவில் கிடந்தாள். அவளுடைய நுரையீரல் செய்யவேண்டிய வேலையில் முக்கால் பங்கை அதுதான் செய்துகொண்டிருந்தது.

நிர்வாகத்தின் கடிதம் நான்கே வரி. வில்லையின் பதிவுப்படி பணியிடக் காற்றால் நோய் வரவில்லை; வீட்டுக் காற்றால் வந்திருக்கிறது; ஆகவே இம்மாத இறுதியோடு நுரைத்துணைவிக்கான ஆலையின் பொறுப்பு முடிகிறது; விரைவில் குணமடைய வாழ்த்துகள்.

லூர்து ஜெசிந்தா அந்தக் கடிதத்தை மருத்துவமனைப் படிக்கட்டில் நின்றபடியே மூன்று தடவை படித்தாள். ஏழுகடல் இறால் பதனாலையில் அவள் தொழிற்சங்கத்தின் பாதுகாப்புப் பிரதிநிதி. இந்த மாதிரிக் கடிதங்களில் பொய்யைக் கண்டுபிடித்துச் சிவப்பு மையால் அடிக்கோடு போடுவதில் ஊரிலேயே பேர் போனவள். இந்தக் கடிதத்தில் அடிக்கோடு போட ஓர் எழுத்துகூட அகப்படவில்லை. வில்லை முப்பத்தொன்று காட்டியது உண்மை. அந்த வில்லை இருந்த இடத்தில் காற்று சுத்தமாக இருந்ததும் உண்மை. அங்கே பேச்சிக்கனி இல்லை என்பதுதான் சங்கதி. அது ஜெசிந்தாவுக்குத் தெரியும்.

தூத்துக்குடித் துறைமுகத்துக்குத் தெற்கே இருக்கிற அந்த ஆலையில் முந்நூற்று நாற்பது பெண்கள் இறால் உரிக்கிறார்கள். இறால் கெடாமல் இருக்க மண்டபம் குளிர்ந்திருக்க வேண்டும். குளிர்ச்சியை வெளியே விட்டால் மின்சாரம் வீண் என்று அதே காற்றையே திரும்பத் திரும்பச் சுற்ற விடுவார்கள். அந்த ஏற்பாடு இறாலுக்கு எவ்வளவு நல்லதோ அவ்வளவு நல்லது நோய்க்கும். நான்காம் அலையில் பத்தொன்பது பேர் செத்தார்கள். பத்தொன்பது பேருக்கும் வீட்டில் பிடித்த நோய் என்று மேலாளர் எழுதினார், ஆலை மருத்துவர் கையெழுத்துப் போட்டார்.

அறுபத்தொரு நாள் வேலைநிறுத்தத்துக்குப் பிறகு வந்ததுதான் மூச்சுரிமைச் சட்டமும் மூச்சுவில்லையும். வில்லை ஒரு பத்து ரூபாய் நாணய அளவு இருக்கும். கழுத்துப்பட்டைக்குள் குத்திக்கொண்டால், ஒரு மனிதர் மூச்சிழுக்கும் வேகத்திலேயே அதுவும் காற்றை இழுத்து, அதில் உள்ள நோய்த்துகள்களை எண்ணும். நானூறைத் தாண்டினால் பச்சை விளக்கு சிவப்பாகும். சிவந்துவிட்டால் கத்தியை வைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். பத்து நாள் சம்பளத்தோடு விடுப்பு. தடுக்க எவருக்கும் அதிகாரம் கிடையாது. வில்லையை உடம்போடு பூட்டிவிடலாம் என்று நிர்வாகம் கேட்டது. நாடித் துடிப்பையும் கழிப்பறைக்குப் போகிற நேரத்தையும் சேர்த்து வேவு பார்ப்பார்கள் என்று சங்கம் மறுத்தது, ஜெயித்தது. நானூறு என்ற எல்லையைக்கூட அதிகாரிகள் கையில் விடவில்லை. ஒவ்வோர் ஆலைக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, வில்லைகளின் பதிவையும் மருத்துவமனைப் பதிவையும் ஒப்பிட்டு எல்லைக்கணி என்ற கணிப்பொறியே எல்லையைக் குறிக்கும். எங்கள் மூச்சுதான் எங்கள் அளவைச் சொல்ல வேண்டும் என்று வாசலில் நின்று கத்தியவர்களில் ஜெசிந்தாவின் தொண்டைதான் பெரிது.

சட்டம் நல்ல சட்டம்தான். ஆனால் அருள்ஜோதிக்கு அது உதவவில்லை. ஐந்து மாதக் கர்ப்பிணி. அவளுடைய வில்லை ஒவ்வொரு வாரமும் முந்நூற்றைம்பது, முந்நூற்றறுபது என்று போய் நின்றுவிடும். கெட்ட காற்று உள்ளே போகும், விடுப்பு மட்டும் வராது. ஒருநாள் தேநீர் இடைவேளையில் ஜெசிந்தாதான் சொன்னாள்.

"ஏட்டி பேச்சி, அந்தப் புள்ளையோட வில்லைய ஒன் மேலங்கிக்குள்ள கொஞ்சநேரம் வச்சிக்கிடேன். ஒன் மேசைதாம் வாய்க்கு நேரா இருக்குல்லா."

வாய் என்பது மண்டபத்தின் காற்றெல்லாம் சுற்றிவந்து திரும்ப உள்ளே போகிற குழாயின் திறப்பு. அதற்கு நேர் கீழே இருந்தது பதினாலாம் மேசை. அருள்ஜோதியின் வில்லை மதியத்துக்குள் சிவந்தது. அவள் அழுதுகொண்டே நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

அடுத்த வாரம் இரண்டு வில்லைகள். சர்க்கரைக்காரி ஒருத்தி, மாமியாரை மருத்துவமனையில் போட்டிருந்த ஒருத்தி. பிறகு எல்லோருக்குமே ஒரு காரணம் இருந்தது. யாருக்குத்தான் இருக்காது? சண்டை வராமல் இருக்க ஜெசிந்தா சீட்டு ஆரம்பித்தாள். பதினைந்து வருடமாகத் தீபாவளிச் சீட்டும் கிறிஸ்துமஸ் சீட்டும் ஒரு புகார் இல்லாமல் நடத்தியவளுக்கு இது பெரிய வேலையா? சனிக்கிழமை தோறும் எவர்சில்வர் டம்ளருக்குள் பேர்களைப் போட்டுக் குலுக்கி எட்டு எடுப்பார்கள். எட்டுப் பேரின் வில்லைகளும் திங்கள் காலை பேச்சிக்கனியின் மேலங்கிக்குள் போகும். கழுத்துக்குள் கைவிட்டுப் பார்க்க மேற்பார்வையாளருக்கு உரிமை இல்லை. மதியமே சிவந்துவிட்டாலும் சந்தேகம் வராமல் இருக்க இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் ஆளுக்கு ஆள் கைமாற்றுவார்கள். அதற்குள் எண் ஆயிரத்தைத் தொட்டிருக்கும். சிவப்பு சிவப்புதானே, எண்ணை யார் பார்க்கப் போகிறார்கள் என்று இருந்துவிட்டார்கள். தன் புத்திசாலித்தனத்தை நினைத்து ஜெசிந்தாவுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

பேச்சிக்கனியின் சொந்த வில்லை அவள் மேல் இருந்தால் அதுவும் சிவந்துவிடும். அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், சீட்டு நின்றுபோகும். அதனால் அதைப் பனியறை அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். வேலைக்கு இருக்கிற பெண்களிலேயே குறைந்த எண் அவளுடையது என்று நிர்வாகம் அவளுக்கு ஒரு பாராட்டுப் பத்திரம் கொடுத்தது.

"எனக்கு ஒண்ணும் வராதுக்கா. நாலு அலையும் பாத்துட்டேன், ஒரு தும்மல் கெடையாது" என்பாள். அதை எல்லோரும் நம்பினார்கள். நம்புவது வசதியாக இருந்தது. ஜெசிந்தாவும் நம்பினாள், அதை நினைத்தால் இப்போது அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பாக வந்தது.

சங்க அலுவலகத்தில் தலைவர் வேலாயுதம் அண்ணாச்சி கடிதத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வேலைநிறுத்தத்தின்போது கருத்திருந்த மீசை இப்போது முழுக்க வெளுத்திருந்தது.

"நோய்ப்பொறுப்பு ஆயத்துக்குப் போயி, தீர்ப்புச் சொல்லுதவக கிட்டயே உள்ளதச் சொல்லப் போறேன் அண்ணாச்சி" என்றாள் ஜெசிந்தா.

"என்னன்னு சொல்லுவ?"

"பேச்சியோட வில்லை பனியறைல இருந்துச்சு, பேச்சி வாய்க்குக் கீழ நின்னான்னு."

"எதுக்கு அப்பிடி நின்னான்னு கேப்பாவ."

"சீட்டையும் சொல்லத்தாம் வேணும்."

அண்ணாச்சி கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "முந்நூத்தி நாப்பது பேரு உரிமை அது. அறுவத்தோரு நாளு, ஏம்மா. கஞ்சித்தொட்டில கெடந்து வாங்குனோம். நீ ஒரு வார்த்த சொன்னா நாளைக்கே ஒடம்புப் பூட்டப் போட்டுருவான்."

"பேச்சி செத்துருவா அண்ணாச்சி. மாசக் கடைசில குழாயப் புடுங்கிருவாவ."

"எனக்குத் தெரியாதா?" என்று அவர் கத்தினார். கத்தி முடித்ததும் இருமல் வந்தது. இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். கோபப்படக்கூடத் தெம்பில்லாத இரண்டு பேர்.

அப்போது கதவைத் தட்டிவிட்டு வந்தார் ஆலையின் பாதுகாப்பு அதிகாரி. இளஞ்சேட்சென்னி என்று அப்பா ஆசையாகச் சோழன் பேரை வைத்திருந்தார். ஆலையில் அது சென்னி சார் என்று சுருங்கிவிட்டது. நிர்வாகத்து ஆள் என்றாலும் நல்ல மனிதர். நல்ல செய்தி கொண்டுவருகிற வேலை மட்டும் அவருக்கு வாய்க்கவில்லை.

"அரையாண்டுக் கணிப்பு வந்திருக்கு. வாசல்ல ஒட்டறதுக்கு முன்னாடி உங்ககிட்ட காட்டணும்னு வந்தேன். திங்கள்கிழமையிலிருந்து எல்லை ஆயிரத்து நூறு."

ஜெசிந்தாவுக்கு முதலில் காதில் ஏறவில்லை. "நானூறு சார்."

"நானூறா இருந்தது. இந்த ஆறு மாசத்துல ஆயிரம் அலகு வரைக்கும் மூச்சுல போனது இருநூத்தியெட்டுத் தடவை. அதுல எத்தனை பேருக்கு நோய் வந்திருக்கு தெரியுமா? ரெண்டு. கணி என்ன சொல்லுது, ஆயிரம் போனாலும் ஏழுகடல் பெண்களுக்கு ஒண்ணும் ஆகலைன்னு சொல்லுது. முப்பத்தொண்ணு மட்டும் போன ஒருத்தருக்குத்தான் நுரையீரலே போயிருக்கு. அதனால நோய்க்கும் ஆலைக் காற்றுக்கும் பெரிய சம்பந்தம் இல்லைன்னு ஒரு குறிப்பும் போட்டிருக்கு."

எட்டு எட்டாக இருபத்தாறு வாரம். இருநூற்றெட்டு. ஜெசிந்தா மனக்கணக்குப் போட்டுப் பார்த்தாள், சரியாக இருந்தது. அந்த இருநூற்றெட்டுத் தடவையும் வில்லைக்காரிகள் வாயிலிருந்து எட்டி நின்றார்கள், பிறகு வீட்டில் இருந்தார்கள். அவர்களுக்கு எப்படி நோய் வரும்?

"எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு" என்றார் சென்னி, சுவரைப் பார்த்தபடி. "கேட்க எனக்கு உரிமை கிடையாது. நீங்கதான் சட்டத்துல எழுத வெச்சீங்க."

அவர் போன பிறகு அண்ணாச்சி மெதுவாகச் சொன்னார். "வேலைநிறுத்தமும் முடியாது. வில்லை பச்சையா இருக்கறவரைக்கும் கெடையாதுன்னு கையெழுத்துப் போட்டது நாமதாம்." பிறகு, "போ. ஆயத்துல உள்ளதச் சொல்லு. இனி காப்பாத்த என்ன இருக்கு" என்றார்.

நோய்ப்பொறுப்பு ஆயத்துக்கு ஜெசிந்தா சிறைக்குப் போகிறவள் மாதிரிதான் புறப்பட்டாள். கணவனிடம் எல்லாம் சொல்லியிருந்தாள். இரண்டு சேலையும் ரத்த அழுத்த மாத்திரையும் ஒரு பையில் தயாராக இருந்தன. ஆய அலுவலர் அறுபதை நெருங்கும் அம்மாள். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு முகக்கவசம் போட்டிருந்தார். ஜெசிந்தா நிற்காமல் இருபது நிமிடம் பேசினாள். டம்ளர், எட்டுப் பேர், மேலங்கி, பனியறை அலமாரி, எதையும் விடவில்லை. முதல் வில்லையைக் கொடுக்கச் சொன்னது தான்தான் என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னாள்.

அலுவலர் குறுக்கே பேசாமல் கேட்டார். முடிந்ததும் ஒரு டம்ளர் தண்ணீரை நகர்த்தி வைத்தார்.

"பதினேழாம் பிரிவு படிச்சிருக்கீங்களாம்மா?"

ஜெசிந்தா அதைப் படித்தவள் மட்டுமல்ல, கேட்டு வாங்கியவள். வில்லையின் பதிவை எந்த மனிதரின் வாய்மொழியைக் கொண்டும் மாற்றவோ நீக்கவோ கூடாது. ஒரு மேலாளரும் ஒரு மருத்துவரும் வாயால் சொல்லியே பத்தொன்பது சாவை ஆலைக்கு வெளியே தள்ளினார்கள் அல்லவா, இனி எந்த வாயும் அதைச் செய்யக்கூடாது என்பதற்காக. பேச்சுவார்த்தையில் மற்ற எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்கச் சம்மதித்தபோதுகூட இந்தப் பிரிவை மட்டும் அவள் விடவில்லை.

"அது அவங்க பொய்க்காக எழுதுனதும்மா. நான் சொல்லுதது உண்மை."

"நீங்க சொல்றது உண்மைன்னு நான் நம்பறேன்" என்றார் அலுவலர். "ஆனா நான் நம்பறதும் வாய்மொழிதானே? இங்கே எழுத முடியாது."

"அப்ப நான் பண்ண தப்பு?"

"அதுவும் உங்க வாய்மொழிதான். அதையும் எழுத முடியாது. வீட்டுக்குப் போங்க."

பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். இத்தனை நாள் பயந்து பயந்து சுமந்த உண்மையை முழுதாக இறக்கி வைத்தாகிவிட்டது; அதை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. தெருவில் வெயில் சுள்ளென்று அடித்தது.

எதிர்த்த தேநீர்க் கடையில் சென்னி காத்திருந்தார். அவளுக்கும் ஒரு தேநீர் சொன்னார்.

"ஒரு வழி இருக்கு ஜெசிந்தாம்மா. வழின்னு சொல்ல வாய் வரலை. கணி வில்லையோட பேச்சை மட்டும்தான் கேட்கும், இல்லையா? அப்போ வில்லையே சொல்லணும். சங்கம் அவசரக் கணிப்பு கோரிக் கடிதம் கொடுத்தா, கணிப்பு முடியற வரைக்கும் அறுபது நாள் பேச்சிக்கனியோட இயந்திரத்தை எடுக்க மாட்டாங்க. அந்த அறுபது நாளுக்குள்ள, அந்த வாய்க்குக் கீழே இருக்கற காற்று ஆபத்துன்னு புதுப் பதிவுகள் காட்டிட்டா எல்லை பழையபடி இறங்கும். அவங்க வழக்கையும் தானா திறப்பாங்க."

"புதுப் பதிவுன்னா?"

"அவங்கவங்க வில்லையை அவங்கவங்க போட்டு, அவங்கவங்க மேசையில நிக்கணும். வேற எதுவும் செய்ய வேண்டாம். ஆயிரத்து நூறு எல்லையில அது தானாவே நடக்கும்." அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "பழைய இருநூத்தியெட்டை மிஞ்சறதுக்கு எத்தனை பேருக்கு நோய் வரணும்னு நேத்து உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். நாற்பத்து மூணு."

"நாப்பத்தி மூணு பேரா?"

"நாற்பது போதும். ஆனா பேச்சிக்கனியோட பதிவு எதிர்ப்பக்கம் நிக்குது. முப்பத்தொண்ணுல நோய் வந்தவங்க. அந்த ஒண்ணை ஈடுகட்ட மட்டும் இன்னும் மூணு பேர் வேணும்."

ஜெசிந்தா தேநீரைக் குடிக்காமல் வைத்துவிட்டாள்.

ஞாயிறு காலை சங்கக் கட்டடத்தின் மொட்டைமாடியில் கூட்டம் நடந்தது. காற்றோட்டத்துக்காக எல்லோரும் கைநீளம் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். ஜெசிந்தா எதையும் மறைக்கவில்லை. அந்த மூன்று பேர் எதற்கு என்பதை மட்டும் சொல்லவில்லை, நாற்பத்து மூன்று என்றாள். "யாரையும் வற்புறுத்த மாட்டேன். இப்பவே வேணாம்னு சொன்னா கடிதம் குடுக்கல. பேச்சிகிட்ட நானே போயிச் சொல்லிக்கிடுதேன்" என்றாள்.

ஆறாம் மேசை எஸ்தர் கனகா எழுந்தாள். எதற்கெடுத்தாலும் சங்கத்தோடு மல்லுக்கு நிற்கிறவள்.

"அப்ப யாரு யாரு எங்க நிக்கணும்?"

அவ்வளவுதான். அதற்குப் பிறகு கூட்டம் மேசைப் பங்கீட்டில் இறங்கிவிட்டது. கர்ப்பிணிகளும் ஐம்பது தாண்டியவர்களும் பொதிகட்டும் அறைக்கு. இளைப்புக்காரிகள் பனியறைக்கு. பால்குடிக் குழந்தைக்காரிகள் வாசலோர மேசைகளுக்கு. நோஞ்சான் அல்லாதவர்கள், தாங்கக்கூடியவர்கள், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறவர்கள் மட்டும் பதினொன்றிலிருந்து பதினேழு வரை. சண்டையும் வந்தது. ஆனால் தப்பித்துக்கொள்ள யாரும் சண்டை போடவில்லை.

"எனக்குச் சர்க்கரை கிர்க்கரை ஒண்ணும் கெடையாது, பன்னெண்டுல போடு" என்றாள் ஒருத்தி.

"ஏட்டி பொய் சொல்லாத. போன வாரம் மாத்திர போட எங்கிட்டதான தண்ணி வாங்குன?" என்றாள் பக்கத்தில் இருந்தவள். அவளைப் பொதிகட்டும் அறைக்கு மாற்றினார்கள்.

நாலு மாதக் கைக்குழந்தையோடு வந்திருந்த அருள்ஜோதி தன்னைப் பதினைந்தாம் மேசையில் போடச் சொல்லி அடம்பிடித்தாள். "எனக்காகத்தான ஆரம்பிச்சிய. எனக்காகத்தான அவ மொதல்ல சொமந்தா" என்று தேம்பினாள். குழந்தையும் சேர்ந்து அழுதது. யாரும் அவளுக்கு இடம் கொடுக்கவில்லை. பதினாலாம் மேசையை ஜெசிந்தா தன் பேருக்கு எழுதியபோது அண்ணாச்சி, ஒனக்குப் பிரஷர் உண்டும்மா என்று இழுத்தார். அவள் காதில் விழாத மாதிரி அடுத்த பேரைக் கேட்டாள்.

இரண்டு மணி நேரத்தில் நாற்பத்து மூன்று பேரும் அமைந்துவிட்டார்கள். சங்கத்தின் சரித்திரத்தில் இவ்வளவு ஒழுங்காக ஒரு கூட்டம் நடந்ததில்லை. ஜெசிந்தாவுக்கு அவர்களை நினைத்துப் பெருமையாக இருந்தது. எதற்காகப் பெருமைப்படுகிறோம் என்பது பிறகுதான் உறைத்தது. ஆலைக் காற்றால் ஒருத்திக்கும் நோய் வரக்கூடாது என்று தொடங்கிய சங்கம் அது.

மத்தியானம் எல்லோரும் கலைந்த பிறகு, பட்டியலை நல்ல தாளில் பிரதி எடுத்துக்கொண்டிருந்தாள். கைப்பேசி அடித்தது. நுரைத்துணைவியின் உறுமலுக்கு நடுவே பேச்சிக்கனியின் குரல் விட்டு விட்டு வந்தது.

"எக்கா... நாப்பத்தி மூணு பேருன்னாவ..."

"யாரு சொன்னது ஒங்கிட்ட? பேசாமப் படு பேச்சி."

"இல்லக்கா... கேளு. எனக்குத்தாம் ஏற்கெனவே வந்துட்டுல்லா. என்னையும் அதுல சேத்துக்கிடு. அப்ப நாப்பத்தி ரெண்டு பேரு போதும்லா?"

ஜெசிந்தா பட்டியலைப் பார்த்தாள். நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று என்று கடைசியில் மூன்று வரிகள். மூன்றும் முப்பது வயதுகூட ஆகாத பெண்களின் பேர்கள்.

"சேத்தாச்சு பேச்சி" என்றாள். "ஒம்பேருதாம் மொதல்ல எழுதிருக்கு."

"அப்ப ஒருத்தி தப்பிச்சா" என்றாள் பேச்சிக்கனி. சிரிக்கப் பார்த்திருப்பாள் போலிருக்கிறது, மூச்சு இடறியது, யாரோ ஒரு செவிலி கைப்பேசியை வாங்கி அணைத்துவிட்டார்.

ஜெசிந்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு, கடைசி மூன்று பேருக்கும் மேசை எண்ணை எழுதி, பட்டியலைக் கொண்டுபோய் அறிவிப்புப் பலகையில் ஒட்டினாள்.